அழுகிற கைக்குழந்தையைத் தேற்றவும் பயிற்சி கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் அங்கன்வாடி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு துறைக்கும் பொதுவாகவே இந்த மடலை எழுதுகிறேன். சத்துமாவு கொடுப்பதும் எடை பார்ப்பதும் ஒரு துறை, தடுப்பூசி போடுவது இன்னொரு துறை. ஆனால் இரண்டு துறையின் ஆட்களும் போய் நிற்பது ஒரே வீட்டு வாசலில்தான். அந்த வீட்டுக்குள் ஆறு வாரக் குழந்தை ஒன்று சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழுகிறது. பெற்றவள் தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த அழுகையை என்ன செய்வது, அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்பதை நான் பணியில் இருந்தவரை எந்தப் பயிற்சியிலும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எடை பார்க்கவும், உயரம் அளக்கவும், செயலியில் பதியவும் பயிற்சி கொடுக்கிறீர்கள். அதேபோல் கைக்குழந்தையின் தவிப்பைப் புரிந்துகொண்டு தேற்றவும், தேற்ற முடியாமல் துவண்டுபோன தாயைத் தாங்கவும் செய்முறைப் பயிற்சி கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், கிராம சுகாதார செவிலியர் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்து இரண்டு வாரம்போல ஆனதும் அழுகை கூட ஆரம்பிக்கும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல இறங்கி மூன்று, நான்கு மாதத்தில் அடங்கிவிடும். பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே கால் மணி நேரம் அழுகிற குழந்தை, பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி பத்து நிமிடம்தான் அழுகிறது. நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, நோய் நொடி இல்லாத குழந்தைக்கும் இதே கதைதான். இந்த ஒரு விஷயத்தைப் பிரசவத்துக்கு முன்பே ஒரு பெண்ணிடம் சொல்லி வைத்தால் போதும், பாதி பயம் போய்விடும்.

இப்போது நம் வீட்டு வருகைக் கணக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கான வீட்டு வருகை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் நடக்க வேண்டும். 42ஆம் நாளோடு அது முடிகிறது. 2018இல் வந்த இளங்குழந்தைகளுக்கான வீட்டு வருகைத் திட்டத்தில் முதல் வருகை மூன்றாம் மாதம்தான். அதாவது, அழுகை உச்சியில் இருக்கும்போது நாம் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்குகிறோம். அது தானாக அடங்கிய பிறகு திரும்பிப் போகிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். அவள் பெயர் ஒரு மையத்தின் பதிவேட்டில் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பாள். உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற அந்த வாரங்களில் அவள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

அந்த இடைவெளியில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊரில் பழகிய எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அழுதால் 'உரம் விழுந்திருக்கு', அதாவது உடம்பில் சுளுக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். உரம் எடுக்கிற பாட்டி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். பழைய நூல் புடவையின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, குழந்தையை அதில் கிடத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டுவார். அதற்கும் அடங்கவில்லையென்றால் திருஷ்டி கழிப்பது, மந்திரிப்பது, கிரைப் வாட்டர், நாக்கில் தேன். இதையெல்லாம் சொல்லி அந்தப் பாட்டியை மட்டம்தட்ட நான் வரவில்லை. மென்மையான ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்தும் என்பது உண்மை. அந்தப் பாட்டி பதறாமல் குழந்தையைத் தொடுகிறார் என்பதும், அவர் வந்ததும் வீட்டில் இருக்கிறவர்கள் மூச்சு விடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கழுத்து நிற்காத குழந்தையின் தலை உருட்டலில் ஆடக்கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. இவற்றைப் பாட்டியின் மரியாதை கெடாமல் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தையில் வெட்டிவிட்டு வருகிற பணியாளருக்கு அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கிற வார்த்தை 'பால் பத்தலை'. குழந்தை அழுதால் முதல் குற்றவாளி தாயின் பால்தான். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டம்மா சொல்வார், கடைசியில் அவளே நம்பிவிடுவாள். மறுநாள் டப்பாப் பால் வீட்டுக்கு வந்துவிடும். டப்பாப் பால் கொடுக்கக் கொடுக்கக் குழந்தை மார்பைச் சப்புவது குறையும், சப்புவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறையும், ஆக அவர்கள் சொன்னதே பலித்த மாதிரி ஆகிவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019–21இல், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் சுமார் 55 விழுக்காடு. நாட்டின் சராசரி 63.7. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிற மாநிலத்தில் இந்த எண் உறுத்துகிறது. காரணங்கள் பல இருக்கலாம். அழுகையைப் பசி என்று மட்டுமே படிக்கப் பழகியது அவற்றில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன், வீடு வீடாகப் பார்த்தது அதைத்தான்.

இங்கேதான் அங்கன்வாடிப் பணியாளரின் தராசு உண்மையிலேயே உதவும். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா, போன தடவையைவிட எடை ஏறியிருக்கிறதா என்று தாயின் கண்முன்னே பார்த்து, 'இந்தா பாரும்மா, பிள்ளை நல்லா ஏறியிருக்கான், உன் பால் போதுது. அவன் அழுவுறது பசியில இல்ல' என்று சொல்ல முடியும். எடையைப் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதற்கும், அதே எடையை வைத்து ஒரு பெண்ணின் மனதைத் தேற்றுவதற்கும் கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குழந்தை ஏன் தானாக அடங்குவதில்லை என்பதும் பணியாளர்களுக்குத் தெரிய வேண்டும். 'தூக்கித் தூக்கி வெச்சா கைப்பழக்கம் ஆயிடும், அழட்டும் விடு' என்று ஆறு வாரக் குழந்தையைப் பார்த்துச் சொல்கிறவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர். பயத்தையும் பதற்றத்தையும் கிளப்புகிற மூளைப்பகுதி பிறக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய நெற்றிப்பக்க மூளை முழுதாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். அதனால் கைக்குழந்தை தன் படபடப்பைத் தானே இறக்கிக்கொள்ள முடியாது, அதற்கு இன்னொருவரின் உடம்பு வேண்டும். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறவரின் சூடு, மூச்சு, குரல், நடையின் ஆட்டம் இவற்றால்தான் அதன் இதயத்துடிப்பு இறங்குகிறது. மாதக்கணக்கில் இப்படித் தேற்றப்பட்ட குழந்தைதான் பின்னால் விரலைச் சப்பியோ, துணியைப் பிடித்துக்கொண்டோ, முகத்தைத் திருப்பிக்கொண்டோ தானே கொஞ்சம் அடங்கக் கற்றுக்கொள்கிறது. மூன்று வயதில் தரையில் விழுந்து புரளும் பிள்ளையை எங்கள் மையங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அந்த வயதில் அதட்டி அடக்குவதற்குப் பதிலாக, மடியில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது.

அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. தாய் குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். சட்டென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா பார்க்கச் சொல்கிறார்கள், இரண்டு நிமிடம் மட்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பு தளர்கிறது, பிறகு அழுகை. சில மாதக் குழந்தைக்கு ஒரு முகம் எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பால் கொடுப்பது பற்றி நாம் செய்கிற உபதேசத்தைவிட, இந்தக் காட்சியை ஒரு முறை காட்டுவது வேலை செய்யும். அதே ட்ரானிக் இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் தாய்மார்களிடம் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். நன்றாகப் பழகும் தாயும் குழந்தையும்கூட எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை, பாதிக்கும் குறைவான நேரம்தான் ஒத்துப்போகிறார்கள். பிசகினதும் மறுபடி சேர்ந்துகொள்வதில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. தாய் குறையே இல்லாதவளாக இருக்கத் தேவையில்லை. இதை ஒரு பணியாளர் வாயால் கேட்கும்போது எத்தனை பெண்களுக்குக் கண் கலங்கும் தெரியுமா?

சரி, பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசில்டன் 1973இலேயே பிறந்த குழந்தையின் நிலைகளை ஆறாகப் பிரித்துக் காட்டினார்: ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, துறுதுறுப்பான விழிப்பு, அழுகை. லேசான தூக்கத்தில் முனகுகிற குழந்தையைப் பசி என்று எழுப்பிவிடுவதும், அமைதியாக விழித்துக் கிடக்கிற நேரத்தை யாரும் கவனிக்காமல் விட்டு, அழ ஆரம்பித்த பிறகு கொஞ்சப் போவதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அழுகைக்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். கையை விரித்து விரலைப் பரப்பும், முதுகை வில்லாக வளைக்கும், விக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொண்ட முகத்தின் முன்னால் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டுகிற அத்தைமார்களை நினைத்துப் பாருங்கள். 'கொஞ்சம் போதும்' என்று அது சொல்கிறது, நாம் இன்னும் ஆட்டுகிறோம். பேறுகால உறவினர் கூட்டம் நிறைந்த வீட்டில் சாயங்கால அழுகைக்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்தது, தொடுகிற கைக்கு வேலை. பயிற்சியில் பொம்மையை வைத்துக் காட்டுவது போதாது. ஒரு புதன்கிழமை தடுப்பூசி நாளில் நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். நாற்பத்தைந்து நாள் ஊசி. தொடைகளில் இரண்டு, கையில் ஒன்று என்று மூன்று குத்து. குழந்தை மூச்சடைத்து அழுதது. தாய் பயந்துபோய்க் குழந்தையைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். சுற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் கையைத் தட்டி, 'ஏய் ஏய் இங்க பாரு' என்று சத்தம் போட்டார்கள். எங்கள் உதவியாளர் ஒருவர், ஊரில் எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிறவர், யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்து குழந்தையை வாங்கினார். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை பிடரியில். முகம் தன் கழுத்துக்குள் புதையும்படி தோளில் சாய்த்துக்கொண்டார். கூட்டத்தை விட்டு வேப்பமரத்துப் பக்கம் நடந்தார். வாயை மூடிக்கொண்டே அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அடிக்கு ஒரு தட்டு. திரும்பி வரும்போது தாயைப் பார்த்து, 'நீ மொதல்ல தண்ணி குடி கண்ணு. உக்காரு. அப்புறம் வாங்கிக்கோ' என்றார். அவள் உட்கார்ந்து, நெஞ்சு படபடப்பு தணிந்து, கையை நீட்டிய பிறகே குழந்தையைக் கொடுத்தார், மார்போடு சேர்த்துப் பால் கொடுக்க வைத்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. கூச்சலைக் குறைத்தார், உடம்போடு சேர்த்தார், நடந்தார், ஒரே தாளத்தில் ஒலி கொடுத்தார், குழந்தைக்கு முன் தாயை அமைதிப்படுத்தினார். ஆராய்ச்சியும் அதையேதான் சொல்கிறது. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் குமி குரோடா குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அழுகிற குழந்தையை நெஞ்சோடு சேர்த்து ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தால் அழுகையும் இதயத்துடிப்பும் இறங்குகின்றன, தூங்கியதும் உடனே படுக்கப் போட்டுவிடாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்தால் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் எந்த வீட்டிலும் இன்றிரவே செய்து பார்க்கக் கூடியது. ஊசி போடும்போது குழந்தையைப் படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்காமல் தாயின் கையிலேயே வைத்திருப்பது, ஊசிக்குச் சற்று முன்போ ஊசி போடும்போதோ தாய்ப்பால் கொடுப்பது, அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியில் போடுவது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே வழிகாட்டியிருக்கிறது. பைசாச் செலவில்லை. எத்தனை துணை சுகாதார நிலையங்களில் இது வழக்கமாக நடக்கிறது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். செவிலியரைக் குறை சொல்லவில்லை. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற கணக்கில் ஓடுகிறவர் அவர். வரிசையில் இருபது குழந்தை நிற்கும்போது பக்கத்தில் நின்று தாய்க்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க அங்கன்வாடி ஆள் இருக்கிறாரே, அவரைத் தயார்செய்யுங்கள் என்கிறேன்.

அந்த ஆயாவை ஒரு விஷயம் தெரிந்தவராக எண்ணி எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைத்ததில்லை. உதவியாளர் என்றால் சமைக்க, கூட்டிப் பெருக்க, பிள்ளைகளை அழைத்துவர என்றுதான் வைத்திருக்கிறோம். ஆனால் மையத்தில் அழுகிற குழந்தையை முதலில் தூக்குகிற கை அவருடையது. பணியாளர் பதிவேட்டிலும் கைப்பேசியிலும் குனிந்திருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். இந்தப் பயிற்சியில் அவரை விட்டுவிட்டால் பாதி வேலை வீண்.

தாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிரசவித்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், சுமார் 22 விழுக்காட்டினர், பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. மனச்சோர்வில் இருக்கிற முகம்தான் ட்ரானிக் சோதனையில் பார்த்த அசையாத முகம். அவள் வேண்டுமென்று அப்படி இருப்பதில்லை. 'பிள்ளையப் பெத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா' என்று வீடு சொல்லும். பணியாளர் சொல்ல வேண்டியது வேறு. நன்றாகத் தூங்கினாயா, சாப்பிட்டாயா, எதிலும் மனசு ஒட்டவில்லையா, குழந்தை அழுதால் என்ன தோன்றுகிறது, உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று எண்ணம் வந்ததா என்று தனியாக, மாமியார் இல்லாத நேரம் பார்த்துக் கேட்கத் தெரிய வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயந்துதான் பெரும்பாலோர் ஒதுங்குகிறார்கள். பயிற்சி இருந்தால் வாய் வரும். கேட்ட பிறகு எங்கே அனுப்புவது என்றும் தெரிய வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையின் அட்டைப்படத்திலேயே பெரிதாக அச்சிடுங்கள்.

இன்னொன்றும் வெளிப்படையாகப் பேச வேண்டும். எவ்வளவு செய்தும் அடங்காத அழுகை உண்டு. நள்ளிரவில் பொறுமை போய்க் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, சோர்ந்துபோனவர்கள். ஆனால் அந்த ஒரு உலுக்கலில் மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டுக் குழந்தையின் பார்வையோ உயிரோ போகலாம். ஆத்திரம் வந்தால் குழந்தையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு, வேறொருவரைக் கூப்பிடுங்கள், ஐந்து நிமிடம் குழந்தை தனியாக அழுதால் ஒன்றும் ஆகாது என்று தகப்பனிடமும் சொல்ல வேண்டும். தகப்பனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அதோடு, எந்த அழுகைக்குக் காத்திருக்கக் கூடாது என்பதும்: பால் குடிக்க மறுப்பது, காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, பச்சையாக வாந்தி, வேகமாக மூச்சு, வழக்கமில்லாத கீச்சுக் குரல் அழுகை, எழுப்பினாலும் எழாத மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் தேற்றுவதை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாகத் திட்டம் போடத் தேவையில்லை என்பதுதான் என் நம்பிக்கை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷண் பீ படாய் பீ' (ஊட்டமும் படிப்பும்) பயிற்சி நடக்கிறது. 2024இல் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கான 'நவசேதனா' சட்டகம் வந்தது, 36 மாதங்களுக்கும் மாதாமாதம் குழந்தையோடு என்ன விளையாடலாம் என்று அதில் நாட்காட்டியே இருக்கிறது. நல்ல முயற்சி. எனக்குள்ள குறை, விளையாட்டுக்குக் கொடுத்த இடம் தேற்றலுக்குக் கிடைக்கவில்லை என்பது. அழுது கொண்டிருக்கிற குழந்தையிடம் நிறமும் வடிவமும் காட்டிப் பயனில்லை, அது அமைதியான விழிப்புக்கு வந்த பிறகுதான் விளையாட்டு. அப்புறம், நாட்காட்டி நமக்குப் புதிதும் இல்லை. ஐந்தாம் மாதம் தலை தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி என்று குழந்தையின் மாதங்களைப் பருவமாகப் பிரித்துப் பாடிய பிள்ளைத்தமிழ் நம்முடையது. தாலாட்டும் தூளியும் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. தூளித் துணி முகத்தை மூடாமல், யாராவது கண்பார்வையில் இருக்கும்வரை, இவை எல்லாமே குழந்தையைத் தேற்றுகிற முறைகள்தான். பயிற்சிக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாலாட்டு தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள், படம் போட்ட திரையிலிருந்து தொடங்காதீர்கள்.

பயிற்சி நடக்கிற விதத்தைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து மைக்கில் பேசி, மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவதில் இந்தத் திறமை வராது. ஒருவரைப் பார்த்து, தானே செய்து, பக்கத்தில் நிற்கிறவர் திருத்தித்தான் வரும். சிறு குழுவாக, பெற்றோரின் சம்மதத்தோடு உண்மையான குழந்தைகளை வைத்து நடத்துங்கள். நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தாயும் குழந்தையும் பழகுவதை வீடியோ எடுத்து, தாய் குழந்தையின் குறிப்பைச் சரியாகப் பிடித்த அந்தக் கணத்தை நிறுத்தி அவளுக்கே காட்டுவார்கள். குறையைக் காட்டுவதைவிட நன்றாகச் செய்ததைக் காட்டுவதற்கு அதில் முக்கிய இடம். எங்கள் பணியாளர் கையில் ஏற்கனவே கைப்பேசி இருக்கிறது. தாய் சம்மதித்தால், அவள் போனிலேயே எடுத்து அவளுக்கே காட்டிவிட்டு வந்துவிடலாம், வேறெங்கும் போகத் தேவையில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் இலக்கு, பதிவு, நிலுவை என்று பேசுகிற நேரத்தில் அரை மணியை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற பயிற்சியாக இது ஆகக்கூடாது.

பெரிய படிப்பு இல்லாத பெண்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்கிறவர்கள் ஜமைக்காவைப் பார்க்கட்டும். 1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் ஆய்வு தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார்கள். தாயோடு உட்கார்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது, பாராட்டுவது என்று செய்துகாட்டினார்கள். அந்தக் குழந்தைகள் பதினேழு, பதினெட்டு வயதில் மற்றவர்களைவிடக் குறைவான பதற்றமும் மனச்சோர்வும் கொண்டிருந்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் வருமானம் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. போன பணியாளர்கள் யாரும் மருத்துவர்களில்லை. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், அவர்களை மேற்பார்த்தவர்கள் உடன் நின்றார்கள், அவ்வளவுதான்.

உடன் நிற்பது பற்றி ஒரு வார்த்தை. தன் மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் குழந்தையைத் தேற்ற முடியாது. காலையில் சமையல், முட்டை, வருகை, படம் எடுத்துப் பதிவேற்றம், இணையம் கிடைக்காத ஊரில் மாடியேறி நின்று மறுபடி பதிவேற்றம், நடுவில் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று ஓடுகிற பெண்ணிடம் போய், 'குழந்தையின் குறிப்பை நிதானமாகக் கவனி' என்று சொன்னால் அது பரிகாசமாகத்தான் அவள் காதில் விழும். தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் இருப்பதாகப் பெருமையாகச் சொல்கிறோம். காலியிடங்களை நிரப்பாமல், ஒருவரே இரண்டு மையம் பார்க்கிற நிலையை வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியை மேலே ஏற்றினால் அது இன்னொரு பாரமாகவே முடியும். ஆறு மாதக் குழந்தைகளைச் சேர்க்கிற அங்கன்வாடி காப்பகங்கள் 'பால்னா' திட்டத்தில் வருகின்றன. அங்கே வேலைக்கு எடுக்கிற பெண்கள் முதல் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே இந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று விதியாக்குங்கள். ஒரு பெண் கையில் எத்தனை கைக்குழந்தை என்ற கணக்கையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து குழந்தை அழுதால் எந்தப் பயிற்சியும் கைகொடுக்காது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம், எட்டாம் மாதக் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் அம்மா, மாமியார், கணவருக்கும் அரை நாள். அந்த வட்டாரத்தின் பணியாளர், உதவியாளர், செவிலியர் அனைவருக்கும் சிறு குழுவில் செய்முறை. 42ஆம் நாளுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவில் இரண்டு வீட்டு வருகை கூடுதலாக, பெண் எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர் மையத்திலிருந்து. ஒரு வருடம் கழித்து, ஆறு மாதத்துக்குள் டப்பாப் பால் தொடங்கியவர்கள் எத்தனை பேர், மனச்சோர்வு கண்டு சிகிச்சைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்தை எழுத ஒரு குழு அமைப்பீர்கள் அல்லவா, அதில் குழந்தை மருத்துவரும் மனநல மருத்துவரும் இருக்கட்டும். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உதவியாளராக இருந்த ஆயாக்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, குழந்தையைத் தூக்கச் சொல்லி, அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர்